கை பழகிப்போச்சு

போன மாதம் உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தீர்கள். "மேடம், இன்யூர்னா பழக்கப்படுத்துறதுதானே? கம்ப்யூட்டர் அப்படித்தான் சொல்லுது. ஆனா பத்திரத்துல வேற மாதிரி வருது. எது சரி?" நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். கிழவிக்குப் பதில் தெரியவில்லை என்று நினைத்திருப்பீர்கள். தெரியும். அந்த ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றி ஆரம்பித்தால் இரண்டு வரியில் நிறுத்த என்னால் முடியாது. அதனால்தான் போனில் தட்டாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். மூன்று பேரும் படியுங்கள்.

லஸ் பக்கத்தில் மாடியில் நீங்கள் இப்போது வேலை பார்க்கிற அதே மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் நான் இருபத்தாறு வருடம் இருந்தேன். ஜன்னலை ஒட்டிய மேசை என்னுடையது. இப்போது மெட்ரோவுக்குத் தோண்டுகிற சத்தத்தில் அந்த ஜன்னலைத் திறக்கவே முடிவதில்லை என்கிறீர்கள். எங்கள் காலத்தில் ஆட்டோ ஹாரன் மட்டும்தான். சொத்துப் பத்திரம், உயில், வாக்குமூலம் என்று வருவதைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்றிக் கொடுக்கிற வேலை. அதை நான் சொல்லித்தர வேண்டாம், உங்களுக்கே வரும். வராத ஒன்றைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதற்கு ஒப்புநோக்கல் என்று பெயர்.

மொழிபெயர்த்து முடித்த தாளை ஒருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். இன்னொருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரியின் மேல் விரலை ஓட்டியபடி கேட்க வேண்டும். நீங்கள் இப்போது திரையில் இரண்டு பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணாலேயே பார்த்துவிடுகிறீர்களாம். கண் அவசரக் குடுக்கை. காது அப்படியில்லை, ஒவ்வொரு சொல்லாகத்தான் வாங்கிக்கொள்ளும்.

நான் வாசிப்பேன். என் எதிர் மேசைக்காரர் கேட்பார். என்னைவிட நாலு வயது பெரியவர், என்னோடு சேர்ந்து வேலைக்கு வந்து எனக்கு நாலு வருடம் முன்னால் ஓய்வு பெற்றவர். மாட வீதிப் பக்கம் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்கு அப்புறம் கோட்டூர்புரத்தில் குடியிருப்பு. தினமும் நாலு மணிக்குக் காபி வந்ததும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "வாசிங்கோ மேடம்" என்பார். வாக்கியம் சரியாக இருந்தால் முடிவில் "உம்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தப்பு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "உம்" வராது. எங்கே பிசகினோம் என்று நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் தினமும் நாலு மணிக்கு அந்த "உம்"மைக் கேட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் அத்தனை தடவை எனக்கு ஆமாம் போட்டதில்லை.

அகராதி பிடித்தவள் என்று அலுவலகத்தில் எனக்குப் பெயர். எங்கள் தொழிலுக்கு அது வசவா பாராட்டா என்று அவர் கேட்டுச் சிரிப்பார். நான் விட்டுக்கொடுக்காமல் பத்து நிமிடம் ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டால், "பழகப் பழகப் பாலும் புளிக்கும்னு சொல்றது இதுதான் போலிருக்கு" என்று காபியை உறிஞ்சுவார். மறுநாள் நாலு மணிக்கு ஒன்றுமே நடக்காததுபோல நாற்காலியைத் திருப்புவார்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

தேவி என்று ஒரு பெண். சிந்தாதிரிப்பேட்டையில் வீடு, ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. புருஷனை விட்டுப் பிரிந்து வந்தவள், ஆறு வயதில் ஒரு மகள். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று வழக்கு. குடும்ப நீதிமன்றத்தில் குழந்தை அம்மாவிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவன் விடாமல் உயர் நீதிமன்றத்துக்குப் போனான். அங்கே தாக்கல் செய்வதற்காக அவள் தமிழில் கொடுத்திருந்த வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் ஆக்க வேண்டியிருந்தது. அவளுடைய வக்கீலம்மா எங்களிடம் அனுப்பியிருந்தார்.

அன்றைக்கு நல்ல மழை. எதிர் மேசைக்காரர் மனைவிக்குக் கண் ஆபரேஷன் என்று லீவு. வக்கீலம்மாவின் குமாஸ்தா, சொட்டுகிற குடையோடு மாடிப்படியில் நின்றுகொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுநாள் காலை தாக்கலாக வேண்டும். கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். அதில் இப்படி இருந்தது: "அடிப்பார். முதலில் அழுவேன். அப்புறம் பழகிப்போச்சு. வேலையைப் பார்ப்பேன்."

பழகிப்போச்சு. இதற்கு என் பேனா முதலில் எழுதியது இன்யூர் என்ற வினைச்சொல்லைத்தான். எழுதி, உடனே அடித்துவிட்டேன். ஏன் என்று நம் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் புரியும். நாம் அந்தச் சொல்லைத் தினமும் பார்ப்பது சொத்துப் பத்திரத்தில். இந்த உரிமை இன்னாருக்கும் அவர் வாரிசுகளுக்கும் இன்யூர் ஆகும் என்று வரும். பலன் சேரும் என்று நாம் தமிழில் எழுதுவோம். இருபது வருடம் அப்படியே எழுதிய கைக்கு அது நல்ல விஷயத்துக்கான சொல்லாகிவிட்டது. அடிபட்ட பெண்ணின் வாயில் பலன் சேருகிற சொல்லை வைப்பதா என்று பயந்து, அக்கஸ்டம்ட், அதாவது வழக்கமாகிவிட்டது என்று மாற்றி எழுதினேன். வாசித்துப் பார்க்க எதிரே ஆள் இல்லை. அலுவலகத்தில் இருந்த இன்னொரு பையனையாவது உட்கார வைத்திருக்கலாம். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயே கை நுழையாது என்பார்கள், எனக்கு மூளை நுழையவில்லை. கையெழுத்துப் போட்டு, சரியான மொழிபெயர்ப்பு என்று முத்திரை குத்தி, குமாஸ்தாவிடம் நீட்டிவிட்டேன்.

லீவு முடிந்து வந்த எதிர் மேசைக்காரர், "ஏதாவது போச்சா மேடம்?" என்று கேட்டார். ஒப்புநோக்காமல் ஏதாவது வெளியே போயிற்றா என்று அதற்கு அர்த்தம். "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். கூசாமல் சொன்னேன். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தேவியே மாடியேறி வந்தாள். வேலைக்குப் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருப்பாள் போல, புடவை முந்தானையில் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. வாசலிலேயே நின்று கேட்டாள்.

"கோர்ட்டுக்கு இங்கிலீஷ்ல எழுதினது யாரு?"

"நான்தாம்மா. வாங்க."

"வர்றது இருக்கட்டும். அந்தாளோட வக்கீலு நீங்க எழுதினதப் படிச்சுக் காட்னாராம். இந்தம்மாவே சொல்லிகீது, அந்த வூட்டுல அதெல்லாம் அதுக்கு சகஜமா போச்சு, பெரிய விசயமே இல்ல, அப்புறம் இன்னாத்துக்கு புள்ளைய பிரிக்கணும்னு கேக்குறாராம். எங்க வக்கீலம்மா எனக்குப் போன் பண்ணி, இன்னாடி இப்டி சொல்லிகீறேன்னு திட்டுது. நான் இன்னா சொன்னேன், நீங்க இன்னா எழுதிகீறீங்க?"

தப்பு செய்தவர்களுக்குத்தான் குரல் முதலில் உயரும். எனக்கும் உயர்ந்தது. "பழகிப்போச்சுன்னு நீங்கதானேம்மா சொல்லியிருக்கீங்க? அதைத்தான் எழுதினேன்."

"சொன்னேன். இல்லேங்கல. அடியா மேடம் பழகும்? அடி எவளுக்குப் பழகும்? சோறு வடிக்கறப்ப பின்னாலேர்ந்து அடிப்பான். பாப்பா கால்கிட்டயே குந்திகினு இருக்கும். கொதிக்கிற கஞ்சி அது மேல கொட்டிடக் கூடாதே. அடி வாங்கிகினே பானைய வுடாம புடிச்சிக்கக் கை பழகிப்போச்சு. அதத்தான் சொன்னேன்."

எதிர் மேசைக்காரர் எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டார். "உக்காருங்கோம்மா" என்றார். பிறகு அலமாரியிலிருந்து அந்தக் கோப்பைத் தேடி எடுத்து வந்தார். ஒப்புநோக்கியவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்ததைப் பார்த்தார். தமிழ் மூலத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலியைத் திருப்பினார்.

"வாசிங்கோ மேடம்."

மணி பதினொன்று. நாலு மணி வரை காத்திருக்க அவருக்கு மனமில்லை. தேவி பார்த்துக்கொண்டிருக்க நான் வாசித்தேன். அடிப்பார். உம். முதலில் அழுவேன். உம். அடுத்த வாக்கியத்தை வாசித்துவிட்டு நிறுத்தினேன். "உம்" வரவில்லை.

"கைப்பிரதியில முதல்ல வேற ஏதோ எழுதி அடிச்சிருக்கேளே" என்றார்.

சொன்னேன். ஏன் அடித்தேன் என்பதையும் சொன்னேன். அன்றைக்கு அவரிடம் பொய் சொன்னதையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"நான் இருந்திருந்தாலும் அதே பயந்தான் வந்திருக்கும்" என்றார். "தினம் பத்திரத்தையே பார்த்துண்டு இருக்கோமோல்லியோ. நம்ம கையும் பழகிப்போச்சு."

இப்போது ஒரு சிக்கல் இருப்பது உங்களுக்குப் புரியும். கஞ்சியும் பானையும் பாப்பாவும் அவள் இப்போது சொன்னவை. தாளில் இல்லை. தாளில் இல்லாததை ஒரு மயிரிழைகூட நாம் சேர்க்கக் கூடாது. பழகிப்போச்சு என்ற அந்த ஒரு சொல்லுக்கு நேராக ஒரு சொல்லைத்தான் வைக்க முடியும். அதற்குள் இவள் சொன்னது அத்தனையும் இருக்க வேண்டும். முதலாளி வேறு, "அகராதியில் இருக்கிற அர்த்தம்தானே, நாமே தப்புன்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு எந்த வக்கீல் நம்மகிட்ட வருவாங்க? விட்டுடுங்க" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. திருத்தம் கொடுத்தால் என் முத்திரைக்கு இருந்த மதிப்பு போகும். கொடுக்காவிட்டால் ஒரு குழந்தை அந்தப் பானைக்குப் பக்கத்தில் போய் மறுபடியும் உட்காரும்.

எதிர் மேசைக்காரர் என்னை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரத்தில் இருக்கும் பெரிய நூலகத்துக்கு வரச் சொன்னார். எங்கள் அலுவலக அகராதியில் சொல்லின் பொருள் இருக்கும், பிறப்பு இருக்காது. அலுவலகத்துக்கு வெளியே நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தது அந்த ஒருநாள்தான். தடித்தடியான அகராதிகளை மேசையில் பரப்பிக்கொண்டு, இருவரும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தோம்.

இன்யூர் என்பது ஒரு காலத்தில் இரண்டு சொல்லாம். இன் என்றால் உள்ளே. யூர் என்பது பிரெஞ்சிலிருந்து வந்த ஒரு பழைய சொல், இப்போது வழக்கில் இல்லை. அதற்கு வேலை என்று பொருள். அதற்கும் தாய் லத்தீனில் இருக்கிறது. நாம் சொல்கிற ஆபரேஷன்கூட அதே வயிற்றில் பிறந்ததுதான். வயலுக்குப் போடுகிற எருவுக்கு அவர்கள் வைத்த மெனூர் என்ற பெயரும் அதே குடும்பம். கையால் செய்கிற வேலை என்பது அந்த எருச் சொல்லின் ஆதிப்பொருள். ஆக, இன்யூர் என்றால் வேலைக்குள் இறக்கிவிடுவது. ஒன்றைச் செய்து செய்து, பட்டுப் பட்டு, அதைத் தாங்கிக்கொண்டே செய்கிற அளவுக்கு ஆவது. பத்திரத்தில் ஓர் உரிமை வேலை செய்யத் தொடங்குகிறது, அதனால் பலன் சேருகிறது. தேவியின் சமையலறையிலும் பத்திரத்திலும் இருந்தது ஒரே சொல்தான்.

அவர் விரல் அந்த வரியில் நின்றது. "மேடம், இதுக்குள்ள வேலை இருக்கு பாருங்கோ" என்று மெல்லச் சொன்னார். "அந்தம்மா சொன்ன கை இருக்கு."

அப்புறம் நம் பக்கத்துச் சொல்லையும் ஒரு பிடி பிடித்தோம். பழக்கம் என்பதற்குள் பழசு இருக்கிறது. வேலை இல்லை, காலம்தான் இருக்கிறது. நாள்பட நாள்பட ஒன்று நம்முடையதாகிவிடுவது. அதனால்தான் தமிழில் வலியோடும் பழகலாம், மனிதர்களோடும் பழகலாம். நல்லாப் பழகுவார் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது தங்கமான சான்றிதழ். ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல் கிடையாது. "நம்ம பாஷை கொஞ்சம் மோசம்" என்றார் அவர். "வலிக்கும் சிநேகிதத்துக்கும் ஒரே வார்த்தையை வெச்சுண்டு என்னமா ஏமாத்தறது." பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தார். ஏழு நிமிடம் இருக்கும். அந்த ஏழு நிமிடம் என்ன பேசினோம் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. எனக்கு அது பெரிய ஏக்கம்.

முதலாளி சொன்னதைக் கேட்காமல், இன்யூர் என்றே சொல்லை மாற்றி வக்கீலம்மா மூலம் திருத்த மனு போட்டோம். எதிர்த்தரப்பு, வழக்குக்குத் தோதாகச் சொல்லை மாற்றுகிறார்கள் என்று எகிறியது. மொழிபெயர்த்தவர் நேரில் வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் கோர்ட்டில் சொன்னதை எழுதிய நான், முதல் தடவையாகக் கோர்ட்டில் நின்றேன். எதிர் மேசைக்காரர் லீவு போட்டுவிட்டு வந்து எனக்குப் பின்னால் நின்றார்.

நீதிபதி ஒரு பெண்மணி. இரண்டு தாளையும் பார்த்துவிட்டு, சொத்து வழக்குகளில் இந்தச் சொல் பலன் சேரும் என்ற பொருளில் வருகிறதே, இந்தப் பெண்ணுக்கு அடியால் பலன் சேர்ந்தது என்கிறீர்களா என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள்.

அந்த நேரத்தில் நான் மனப்பாடம் செய்துகொண்டு போனதெல்லாம் பறந்துவிட்டது. லத்தீனும் போயிற்று, பிரெஞ்சும் போயிற்று. வேர் மட்டும் மிஞ்சியது. "அந்தச் சொல்லின் வேர் வேலை" என்றேன். "அவர் அடியை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை. அடிக்கு நடுவில் வேலை செய்யப் பழகியதாகச் சொன்னார். மூலத்தில் அடுத்த வாக்கியமே அதுதான். அக்கஸ்டம்ட் என்று எழுதியது என் பிழை. ஒப்புநோக்காமல் கொடுத்துவிட்டேன். சொல்லை இன்று மாற்றவில்லை. நான் முதலில் எழுதி அடித்ததும் இதே சொல்தான், கைப்பிரதி இருக்கிறது."

அவர் கைப்பிரதியை வாங்கிப் பார்த்தார். தமிழ் மூலத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பழகிப்போச்சு, வேலையைப் பார்ப்பேன் என்று தனக்குள் வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு "உம்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. திரும்பி எதிர் மேசைக்காரரைப் பார்த்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை அம்மாவிடமே இருந்தது. தேவி மகளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஒருநாள் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நான் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு எழுந்தேன். "அடுத்த தபா ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க மேடம்" என்றாள். அதைவிட நல்ல புத்திமதியை எனக்கு யாரும் சொன்னதில்லை, உங்களுக்கும் அதையே சொல்கிறேன். சொல் முதலில் வந்த இடத்தை நம்புங்கள். அதை அடிக்கச் சொல்கிற பயம் யாருடையது என்று பாருங்கள். எவ்வளவு மழை பெய்தாலும், எத்தனை குமாஸ்தாக்கள் குடையோடு நின்றாலும், எதிரே ஓர் ஆளை உட்கார வைத்து வாய்விட்டு வாசியுங்கள்.

எதிர் மேசைக்காரர் போன ஆடியில் காலமானார். உங்களுக்கு அவரைத் தெரியாது. அவர் மேசையில்தான் இப்போது பிரிண்டர் இருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவர் மகள் அடையாறில் என் வீட்டுக்கு வந்தாள். அவருடைய பெயர் பழைய சான்றிதழ்களில் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் இருக்கிறதாம். இரண்டும் ஒருவரே என்று அவரை நன்றாக அறிந்தவர் யாராவது பிரமாணப் பத்திரம் தர வேண்டும். "அப்பாவ உங்களுக்குத்தான் ஆன்ட்டி ரொம்பத் தெரியும்" என்றாள். தமிழில் எழுதினேன்: மேற்படி நபர் எனக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பழக்கமானவர். அவள் வெளிநாட்டில் கொடுக்க வேண்டும் என்பதால் ஆங்கிலத்திலும் நானே எழுத வேண்டியதாயிற்று. அதற்கென்று ஒரு வழக்கமான தொடர் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தவர் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். வேறு சொல் தேடினேன். நண்பர் என்றால் அதிகம். சக ஊழியர் என்றால் குறைவு. நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும், அப்படியெல்லாம் இல்லை. அப்படி இல்லை என்பதற்கு மேலே என்ன என்று கேட்டால் தமிழில் பழக்கம் என்றுதான் சொல்ல முடியும். அது ஆங்கிலத்தில் போகாது என்று அந்த நூலகத்து மேசையிலேயே இருவரும் பேசி முடிவு செய்துவிட்டோம்.

வழக்கமான தொடரையே எழுதினேன். நாலு மணிக்குக் காபி போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, வாய்விட்டு வாசித்தேன். வாக்கியம் முடிந்ததும் நிறுத்தினேன். காத்திருந்தேன். வராது என்று தெரியாதா என்ன? தெரிந்தும் காபி ஆறுகிற வரை காத்திருந்தேன். எத்தனையோ எனக்குப் பழகிவிட்டது. முழங்கால் வலி பழகிவிட்டது, ஓய்வு பழகிவிட்டது, என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததுகூட ஏதோ ஒருவிதத்தில் பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை.

அவர் மகள் மறுநாள் காலையில் வந்து வாங்கிக்கொண்டு போனாள். என் வாழ்நாளில் ஒப்புநோக்காமல் நான் கொடுத்த தாள்கள் மொத்தம் இரண்டு. ஒன்று தேவியுடையது. இன்னொன்று இது.